ஆப்பு, ஈயம், இரண்டு லேசர்: இரட்டைக்குழல் ரைபிளை சைக்கிள் குழாயில் படித்த கதை

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, கோப்பி குடிக்க முதலே போனைப் பார்த்தால் மச்சான் ஒரு இலக்கு அட்டையின் படம் அனுப்பியிருக்கிறார். ஆள் அவுஸ்திரேலியாவில், டார்வினில் இருக்கிறார், மனைவியின் தம்பி. அங்கே காட்டெருமை வேட்டைக்கு உரிமம் எடுத்து வருடத்தில் இரண்டு மூன்று தரம் காட்டுக்குப் போகிறவர். போன வருடம் ஒரு பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் ரைபிள் வாங்கினார். 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய தோட்டா போடுவது, இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடையில் செய்தது. விலையை அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொன்னார், அதனால் இங்கேயும் எழுதவில்லை.

அட்டையில் இருந்த சங்கதி இதுதான். ஐம்பது மீற்றரில் சுட்டிருக்கிறார். வலது குழலால் சுட்ட சன்னங்கள் இடது பக்கம், இடது குழலால் சுட்டவை வலது பக்கம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஏழு சென்ரிமீற்றர். போதாததற்கு இரண்டுமே குறிக்கு ஐந்து சென்ரிமீற்றர் கீழே.

"அத்தான், ரெண்டும் குறுக்கால போகுது. இஞ்ச ஒருத்தர் குழலைக் கழட்டித் திருப்பி ஒட்ட வேணும் எண்டு சொல்லுறார். நீங்கள் லேத்தில இருந்தனீங்கள்தானே, என்ன சொல்லுறியள்?"

நான் லேத்தில் முப்பது வருடம் இருந்தது உண்மை. ஆனால் செய்ததெல்லாம் தண்ணீர் இறைக்கும் மெசினுக்குச் சாவ்ற்றும் உழவு மெசினுக்கு புஷ்ஷும்தான். துவக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது அப்பு வைத்திருந்த பன்னிரண்டு போர் (bore, குழல்துளையின் அளவு) இரட்டைக்குழலோடு சரி. யுத்தத்துக்கு முந்திய சங்கதி அது. வீட்டுச் சுவரில் மான்கொம்புக்குக் கீழே தொங்கும். மாதம் ஒரு தடவை அதை மடக்கி, குழல்களை வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்து, தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைப்பார். ஒரு நாள் என்னையும் பார்க்க விட்டார். ஒரு கண்ணை மூடி வலது குழலுக்குள்ளால் பார்த்தபோது மதிலுக்கு அப்பால் இருந்த பனையின் ஒரு பக்கம் தெரிந்தது, இடது குழலுக்குள்ளால் பார்த்தபோது அதே பனையின் மற்றப் பக்கம். அதிலும் எது எந்தப் பக்கம் தெரிய வேண்டுமோ அது மாறித் தெரிந்தது. "அப்பு, இது வளைஞ்சு கிடக்கு" என்றேன். "வளைச்சுத்தான் செய்தவன்" என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை, அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்தத் துவக்கு பிறகு யார் யார் கையிலோ போய்விட்டது.

மச்சானின் படத்தைப் பார்த்ததும் அந்தப் பனைதான் ஞாபகம் வந்தது. வளைத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்றால் எதற்காக, எவ்வளவு? இதைத் தெரியாமல் பதில் சொல்லக்கூடாது என்று இருந்தேன். அங்கே உள்ள அந்தத் திருத்துநர் கேட்ட கூலிக்கு இங்கே ஒரு நல்ல பழைய லேத் வாங்கலாம்.

ரைபிள் என் கையில் இல்லை, இருக்கவும் முடியாது. எங்கள் இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பன்றிக்கும் குரங்குக்கும் பயந்து வன்னியில் வயல்காரர் எடுக்கும் துவக்குக்கே வருடாவருடம் உரிமம் புதுப்பிக்க வேண்டும். சரி, சன்னம் வேண்டாம், குழல் எங்கே பார்க்கிறது என்பதை மட்டும் பார்ப்போம், அதற்கு வெளிச்சம் போதும் என்று ஒரு மாதிரி செய்தேன். இந்தப் பதிவு அந்த மாதிரியைப் பற்றியது.

குழாய்க்கு ஒரு பழைய ராலி சைக்கிள். ஃபிரேம் முன்பக்கம் வெடித்து, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. அதன் மேல்தண்டு ஒரு அங்குலக் குழாய், மெல்லிய சுவர், நேரானது. இன்னொன்று வேண்டும் என்று கோண்டாவிலில் சைக்கிள் திருத்தும் கடையில் கேட்டேன், இதே போன்ற ஒரு தண்டை வெட்டித் தந்தார், காசு வாங்கவில்லை. பெயின்ரை எரித்து, எமரி பேப்பரால் தேய்த்து, இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டினேன். அடிப்பக்கத்தை ஒரு இரும்புக் கட்டையில் துளை போட்டு இறுக்கமாகச் செருகி, பித்தளை வைத்து ஒட்டினேன். கட்டையிலிருந்து வாய்வரை சரியாக 500 மில்லிமீற்றர். வாய்ப்பக்கத்தில் இரண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு ஆப்பு. அரத்தால் ராவி, ஐம்பது மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு மில்லிமீற்றர் தடிப்பு குறையுமாறு சரிவு வைத்தேன். அதாவது ஆப்பைப் பத்து மில்லிமீற்றர் உள்ளே தள்ளினால் வாய்கள் 0.2 மில்லிமீற்றர் விலகும், பக்கத்துக்கு 0.1.

உண்மை ரைபிளிலும் கிட்டத்தட்ட இதுதான் வேலை. குழலடியில் இரண்டையும் அசையாமல் ஒன்றாக்கிவிடுவார்கள். மேலேயும் கீழேயும் ஓடும் பட்டிகளை ஈயப்பற்றால் ஒட்டுவார்கள். வாயில் ஆப்பு. பிறகு சுடுவார்கள். அட்டையைப் பார்த்து, வாய்ப்பக்கத்தை ஈயம் இளகும்வரை சூடாக்கி ஆப்பை ஒரு மயிரிழை உள்ளே தட்டுவார்கள் அல்லது வெளியே இழுப்பார்கள், ஆறவிட்டுத் திரும்பச் சுடுவார்கள். மேல் கீழ் பிசகு என்றால் கம்பியால் கட்டி முறுக்கி ஒட்டுவார்கள். இதற்கு அங்கே ரெகுலேஷன் என்று பெயர், நான் இணக்குதல் என்று சொல்கிறேன். இந்த வேலைக்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். நாள் முழுக்க அந்தப் பெரிய உதையைத் தோளில் வாங்கிக்கொண்டு, சுடுவதும் ஊதுவதும் தட்டுவதுமாக. ரைபிள் விலையில் ஒரு நல்ல பங்கு இதற்குத்தான் போகிறது.

ஈயம் பிடிக்க வைக்கும் திராவகத்துக்கு நான் கடைக்குப் போகவில்லை. பழைய ரோச் பற்றரியை உடைத்து அதன் நாகத் தகட்டை உப்பமிலத்தில் கரைத்தால் போதும், எங்கள் ஊர் தகரவேலைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த முறை. வெளியில் வைத்துச் செய்யுங்கள், புகை நெஞ்சைப் பிடிக்கும். தொண்ணூறுகளில் பற்றரியே கண்ணில் காணக் கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். இப்போது பற்றரியை உடைத்து ஈயம் ஒட்டுகிறேன், பரவாயில்லை.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இரண்டு லேசர் ரோச் வாங்கினேன், பிள்ளைகள் பூனைக்கு விளையாட்டுக் காட்டும் வகை. முதல் பிழை இங்கேதான். லேசரைக் குழாயின் அடிப்பக்கத்தில் செருகினேன், தோட்டா இருக்கும் இடம் அதுதானே என்று. ஆப்பைத் தட்டுகிறேன், தட்டுகிறேன், மதிலில் புள்ளி அசையவே இல்லை. அரை மணித்தியாலம் ஆப்பின் மேல் கோபப்பட்ட பிறகுதான் விளங்கியது. குழாய் வளைவது முன்பக்கத்தில், லேசர் இருப்பது வளையாத அடியில். வெளிச்சம் வளைந்த குழாயோடு சேர்ந்து வளையாது. சன்னமோ குழல் போகிற போக்கில்தான் போகும், கடைசியாக வாய் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் புறப்படும். லேசர் வாயில்தான் இருக்க வேண்டும்.

வாயில் வைத்தேன். அடுத்த பிழை: லேசரை அதன் இடத்திலேயே உருட்டிப் பார்த்தால் மதிலில் புள்ளி ஒரு சோற்றுக் கோப்பை அளவு வட்டம் போடுகிறது. மலிவுச் சாமான், வெளிச்சம் உடம்புக்கு நேராக வரவில்லை. லேத்தில் இரண்டு பித்தளை வளையம் கடைந்து, ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் மரை வெட்டி, தலையில்லாத சின்ன ஸ்குரூ போட்டு, உருட்டி உருட்டி அந்த வட்டம் ஒரு மிளகு அளவுக்குச் சுருங்கும்வரை சரிசெய்தேன். முழு வேலையிலும் அதிக நேரம் தின்றது இதுதான், ஒன்றரை நாள். இதைச் செய்யாமல் குழல்துளையில் லேசர் வைத்து வளைவைப் பார்க்கப் போகிறவர்கள் லேசரின் பிழையைத்தான் அளக்கப் போகிறார்கள்.

கொட்டிலிலிருந்து பின் மதிலுக்குப் பதினெட்டு மீற்றர். மதிலில் வரைதாள் ஒட்டி, மாலை ஆறு மணிக்குப் பிறகு, இருட்டு விழும் நேரம் பார்த்து வேலை தொடங்கினேன்.

பக்கத்து வீட்டுப் பெடியன், உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறவன், மதிலுக்கு மேலால் தலையை நீட்டினான். இரண்டு குழாய் சேர்த்து ஒட்டி, முன்னால் சிவப்பு வெளிச்சம் அடிக்க ஒரு கிழவன் குனிந்து நின்றால் என்ன நினைப்பான்?

"மாமா, உதைக் கொண்டு றோட்டுக்கு மட்டும் போயிடாதேங்கோ."

மனைவியும் அதையேதான் வேறு சுரத்தில் சொன்னாள். அடுத்த நாள் முதல் வேலையாகக் குழாய் இரண்டுக்கும் நல்ல மஞ்சள் பெயின்ர் அடித்தேன், பூசணிப்பூ நிறம். இரண்டு பக்கமும் திறந்த வெறும் சைக்கிள் குழாய்தான், ஆனால் எங்கள் ஊரில் தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கும் விளங்குகிற மாதிரி இருப்பது நல்லது.

ஆப்பைப் பத்து மில்லிமீற்றர் தள்ளியபோது புள்ளி எவ்வளவு நகரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 500க்கு 0.1 என்றால் 18 மீற்றருக்கு 3.6 மில்லிமீற்றர். அளந்தால் ஐந்தரை. திரும்ப அளந்தேன், ஐந்தரைதான். பெடியன்தான் பிடித்தான்: கதவு பிணைச்சலில் திரும்புகிற மாதிரி குழாய் அடியிலிருந்து நேராகத் திரும்பவில்லை, தூண்டில் தடி மாதிரி வளைகிறது. அடி இறுகிய தடியின் நுனியைத் தள்ளினால் நுனியின் சரிவு நேர்க்கணக்கைவிட ஒன்றரை மடங்கு. 3.6ஐ ஒன்றரையால் பெருக்கினால் 5.4. பேப்பரில் வந்ததும் மதிலில் வந்ததும் பொருந்திய அந்த நிமிடம், உண்மையைச் சொல்ல வேண்டும், கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது தெரியவில்லை.

இதை மச்சானின் ரைபிள் அளவுக்குக் கொண்டுபோனால்: இருபத்துநான்கு அங்குலக் குழல், 610 மில்லிமீற்றர். ஒரு வாய் 0.1 மில்லிமீற்றர் விலகினால் ஐம்பது மீற்றரில் பன்னிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். பட்டிகளை முன்பாதியில் மட்டும் இளக்கினால் வளையும் நீளம் குறைந்து வித்தியாசம் இன்னும் கூடும். ஒரு தாளின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். ஒரு தாள் தடிப்புக்கு இவ்வளவு என்றால், சூடாக்கி, சுத்தியலால் தட்டி இதைச் சரிபண்ணிய மனிதர்களின் கையை நினைத்துப் பாருங்கள்.

நான் சூடாக்கிய கதை அவ்வளவு கௌரவமானது இல்லை. காஸ் ரோச்சால் வாயைச் சூடாக்கினேன். வெள்ளீயம் கலந்த இந்த ஒட்டு ஈயம் 185 பாகை செல்சியஸ் அளவில் இளகும், பளபளவென்று தண்ணீர் மாதிரி ஆனதும் ஆப்பைத் தட்டினேன். குழாய்களைக் கம்பியால் கட்டாமல் விட்டிருந்தேன். இளகிய உடனே இரண்டு குழாயும் வில் மாதிரித் துள்ளி, ஆப்பு காலடியில் விழுந்தது, செருப்பில் ஈயம். இரண்டாம் தரம் கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினேன், நின்றது. ஆனால் புள்ளிகள் எங்கோ போய் நிற்கின்றன, ஒன்று வரைதாளுக்கே வெளியில். பிழையாகத் தட்டிவிட்டேன் என்று திரும்ப இளக்கப் போன நேரம் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். புட்டும் கத்தரிக்காய்க் கறியும் முடித்து வந்து பார்த்தால் புள்ளிகள் தானாக நடந்து தங்கள் இடத்துக்கு வந்திருந்தன. சூடு ஒரு பக்கம் கூடி மற்றப் பக்கம் குறைந்தால் முழுச் சோடியும் வளைந்துவிடும், முற்றாக ஆறும்வரை புள்ளியைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஈரத் துணியால் கெதியாக ஆற்றப் பார்த்தேன், துணி பட்ட பக்கம் சுருங்கிப் புள்ளி அந்தப் பக்கமாகப் போனதுதான் மிச்சம்.

இதிலிருந்து ஒரு சின்னச் சோதனை கிடைத்தது. வலது குழாயின் மேல் மட்டும் சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றினேன். வலது குழாய் நீண்டு, முழுச் சோடியையும் இடது பக்கம் தள்ளியது, இரண்டு புள்ளியும் சேர்ந்து மூன்று விரல் அகலம் இடதுக்கு நகர்ந்தன. இரும்பு பத்துப் பாகை சூடேறினால் அரை மீற்றரில் 0.06 மில்லிமீற்றர் நீளும். அவ்வளவுதான், அது போதும். வலது குழலாலேயே தொடர்ந்து நான்கு சன்னம் சுட்டுவிட்டுப் பிறகு இடது குழலால் நான்கு சுடுகிறவர் என்ன அட்டை பெறுவார் என்று யோசியுங்கள். உடனே மச்சானுக்கு எழுதினேன், "நீர் எந்த ஒழுங்கில சுட்டனீர்?" பதில் வந்தது: வலதால நாலு, பிறகு இடதால நாலு. வேட்டையில் நடப்பது அதுவல்ல. முன்விசையை இழுத்தால் வலது, உடனே பின்விசை இடது, அவ்வளவுதான். அப்படியே வலது இடது என்று சோடியாகச் சுட்டு, குழல் ஆறும்வரை காத்திருந்து, அடுத்த சோடி. கடினமான மேசையில் ரைபிளை வைத்துச் சுடவும் கூடாது. முன்கையால் பிடித்து, அந்தக் கையைத்தான் மெத்தென்ற பையின்மேல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையே ரைபிளைத் தூக்கி எறியும்.

அவர் அப்படிச் சுட்டு அனுப்பினார். ஏழு சென்ரிமீற்றர் ஆறானது. குறுக்கே போவது அப்படியே.

சரி, இப்போது பனைமரக் கேள்விக்கு வருவோம். என் மஞ்சள் குழாய்களின் புள்ளிகளை மதிலில் குழாய்களின் இடைவெளி அளவுக்கே, அதாவது இரண்டு வெளிச்சமும் சமாந்தரமாகப் போகும்படி ஆப்பை நிறுத்திவிட்டேன். கண்ணுக்கு இதுதான் சரியான ரைபிள். ஆனால் இப்படிச் செய்த ரைபிள் சுட்டால் இரண்டு சன்னமும் அகன்று போகும். ஏன் என்று காட்ட அடுத்த வேலை: முழுச் சோடியையும் இரண்டு கயிற்றில் கொட்டில் வளையில் தொங்கவிட்டேன், ஊஞ்சல் மாதிரி, பின்னால் கொஞ்சம் கட்டை கட்டி எடை சமப்படுத்தி. பெடியன் போனில் மெதுவோட்ட வீடியோ எடுக்க, நான் மரச் சுத்தியலால் வலது குழாயின் வாயைப் பின்னோக்கி மெல்லத் தட்டினேன். சன்னம் முன்னே போகும்போது குழலைப் பின்னே தள்ளுவது இதே திசையில்தானே. புள்ளி சட்டென்று வலது பக்கம் ஓடியது. இடது குழாயைத் தட்டினால் இடது. இரண்டுக்கும் நடுவில் ஆப்பின்மேல் தட்டினால் நேராகப் பின்னே போய் வருகிறது, புள்ளி பக்கம் மாறவில்லை.

விஷயம் அவ்வளவுதான். ரைபிளின் பாரமெல்லாம் நடுக்கோட்டில், உதையோ நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். வலது குழல் வெடிக்கிறபோது ரைபிள் வலது பக்கம் திரும்புகிறது, மேலேயும் எழும்புகிறது, சன்னம் இன்னும் குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே. 470இல் 500 கிரெயின் சன்னம், முப்பத்திரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கூட, செக்கனுக்கு 2150 அடி வேகத்தில் வெளியேறுகிறது. அது குழலுக்குள் இருக்கும் நேரம் செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவில்தான். அதற்குள் வாய் வெளிப்பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால்தான் தொடக்கத்திலேயே குழல்களை உட்பக்கம் பார்க்கும்படி ஒட்டுகிறார்கள். திரும்பிய பிறகு நேராக வரும். அப்புவின் பனை மாறித் தெரிந்ததற்குக் காரணம் இதுதான், ஐம்பது வருடத்துக்குப் பிறகு.

பெடியன் அதோடு விடவில்லை. "மாமா, நீங்கள் வேகம் கூடினா சன்னம் கெதியாப் போகும், திரும்ப நேரம் இல்லை எண்டு சொல்லுறியள். ஆனா வேகம் கூடினா உதையும் கூடும்தானே?" கொப்பியில் போட்டுக் காட்டினான். உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) வைத்துப் போட்ட கணக்குப்படி, காற்றில் தொங்கும் வளையாத ரைபிள் என்றால், சன்னம் வெளியேறும்வரை அது திரும்பும் அளவு சன்னத்தின் நிறையையும் குழல் நீளத்தையும்தான் பொறுத்தது, வேகம் வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. கணக்கில் பிழை கண்டுபிடிக்க இரண்டு நாள் பார்த்தேன், இல்லை. ஆனால் ரைபிள் காற்றில் தொங்குவதில்லை, தோளிலும் கையிலும் இருக்கிறது, தோள் சதை அமுங்கும். குழலும் வளையாத கம்பு இல்லை, ஆப்பு அதைத்தான் முதலே காட்டிவிட்டது. வேகம் நுழைவது அந்த இடங்களால்தான், என் ஊஞ்சலில் அதைக் காட்ட வழி இல்லை. பழைய இணக்குகிறவர்கள் கணக்குப் போடவில்லை, அட்டையைப் பார்த்தார்கள். அவர்கள் அனுபவ விதி எளிது: மெதுவான தோட்டா உயரமாகவும் அகலமாகவும் போகும், வேகமான தோட்டா தாழ்வாகவும் குறுக்காகவும் போகும்.

தாழ்வாகவும் குறுக்காகவும். மச்சானின் முதல் அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

"குழலுக்கு அடியில, மடக்கினால் தெரியும் தட்டைப் பக்கத்தில, என்ன அடிச்சிருக்கு எண்டு படம் எடுத்து அனுப்பும்" என்றேன். அனுப்பினார். இங்கிலாந்துச் சோதனைச்சாலை முத்திரைகளுக்கு நடுவில் கோர்டைட் 75 - 500 என்று இருந்தது. எழுபத்தைந்து கிரெயின் கோர்டைட், அதாவது அந்தக் காலத்து வெடிமருந்து, ஐந்நூறு கிரெயின் சன்னம். இது அதியுச்ச அளவைச் சொல்லும் முத்திரை. ஆனால் இந்த வகை ரைபிள்களைப் பெரும்பாலும் அந்தத் தோட்டாவுக்கே இணக்கினார்கள். அதன் வேகம்தான் 2150. கோர்டைட் வெக்கையில் அழுத்தம் கூடுகிற சாதி, அதனால் சில ரைபிள்களுக்கு இந்தியாவுக்கென்றே மருந்து குறைத்த தோட்டாக்கள் தனியாக வந்தன, ரைபிளையும் அதற்கே இணக்கினார்கள். கைனொக் நிறுவனம் 1960களில் இந்தப் பெரிய தோட்டாக்களை நிறுத்தியபோது எத்தனையோ நல்ல ரைபிள்கள் அநாதையாகிப் போனது இதனால்தான். வேறு எதையாவது போட்டுச் சுட்டு, குழல் பிழை என்று முடிவு கட்டினார்கள்.

மச்சான் தோட்டாவைத் தானே நிரப்புகிறவர். இப்போதைய மருந்து, அதே 500 கிரெயின் சன்னம். "வேகம் அளந்தனீரோ?" இல்லை. புத்தகத்தில் இருந்த கூடிய அளவைப் போட்டிருக்கிறார், காட்டெருமைக்குக் கூடினால் நல்லதுதானே என்று. வேகமானி ஒன்றை இரவல் வாங்கி அளந்தால் 2280 அடி.

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு வாட்ஸ்அப்பில் அதட்டியது மட்டும். ஆப்பைத் தொடாதீர், ஈயத்தைத் தொடாதீர், அந்தத் திருத்துநரிடம் கொடுக்காதீர். மருந்தை நிறுவனம் வெளியிட்ட அட்டவணைக்குள் படிப்படியாகக் குறையும். 2210இல் இரண்டு கூட்டமும் மூன்று சென்ரிமீற்றர் குறுக்கு. குறிக்குக் கீழே விழுந்த அளவும் குறைந்தது. 2170இல் இரண்டு கூட்டமும் ஒன்றுக்குமேல் ஒன்று விழுந்தன. அத்தோடு நிறுத்தலாம் என்றார், எனக்கும் ஆசைதான், அட்டை வடிவாக இருந்தது. ஆனால் ஐம்பது மீற்றரில் ஒன்றாகச் சேர்ந்தது நூறில் குறுக்கே போகும், இணங்கிய ரைபிளின் இரண்டு சன்னமும் எந்தத் தூரத்திலும் சேராமல் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். இன்னும் கொஞ்சம் குறைத்தார். 2140இல் வலதின் கூட்டம் வலது பக்கம், இடதின் கூட்டம் இடது பக்கம், நடுவே குழல்களின் இடைவெளி அளவு. நூறு ஆண்டை எட்டிக்கொண்டிருக்கும் ஈயப்பற்று அது, ஒரு தாள் தடிப்புக் கூட நகரவில்லை.

அந்தத் திருத்துநர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அட்டையில் குறுக்கே போனது உண்மை, குழலுக்குள்ளால் பார்த்தாலும் குறுக்கே தெரியும், அதுவும் உண்மை. எந்தத் தோட்டாவால் சுட்டாய் என்று கேட்காமல் கூலி சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் திரும்ப ஒட்டிய பிறகு குழலுக்குக் கறுப்பு ஏற்றித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார், கொதிக்கும் காரத்தில் முக்குகிற முறையில். அந்தக் காரம் ஈயத்தைத் தின்னும், பட்டிக்குள் புகுந்து வெளியே வராமல் இருந்து உள்ளே துரு பிடிக்கும். இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவை ஏற்றி ஏற்றிக் கறுப்பாக்கும் பழைய முறைதான். எங்கள் ஊர் உப்புக்காற்றில் வைத்தால் ஒரு கிழமையில் பாதி வேலை தானாக முடிந்துவிடும் என்று மச்சானுக்குச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

இப்போது வரும் சில ரைபிள்களில் இந்தத் தலையிடி குறைவு. ஜெர்மனியின் கிரீகோஃப் தங்கள் இரட்டைக்குழலில் வாய் ஆப்பை நகர்த்தித் திரும்ப இணக்கும்படி செய்திருக்கிறார்கள், ஈயம் இளக்கத் தேவையில்லை. வேலைக்காரனாகப் பார்த்தால் அதுதான் புத்தி. ஆனால் அதைச் சொன்னபோது மச்சானின் முகம் வீடியோவிலேயே வாடிப்போனது, பழையதைக் கட்டிக்கொண்டவருக்கு அது வேண்டாத கதை.

இடது குழல் இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் மேலே அடிக்கிறது. அதற்கு ஆப்பு உதவாது, முறுக்க வேண்டும், முறுக்க வேண்டுமென்றால் இளக்க வேண்டும். என் மாதிரியிலும் இதே பிசகு இருந்தது, அடிக்கட்டையில் துளை ஒரு நூல் சரிந்ததால் இடது புள்ளி நான்கு சென்ரிமீற்றர் மேலே. அதைக் கம்பி கட்டி முறுக்கிச் சரியாக்க ஐந்து தரம் இளக்கினேன், ஐந்தாம் தரம் சரியாக வந்தது, ஆனால் இடைவெளி கெட்டுப்போய் ஆப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. இதை எழுதி அனுப்பியபோது மச்சான் ஒரே வரியில் பதில் போட்டார்: "காட்டெருமைக்கு ரெண்டு சென்ரிமீற்றர் தெரியாது அத்தான்."

லேசர் இரண்டையும் பெடியன் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மஞ்சள் குழாய்கள் கொட்டில் வளையில் அப்படியே தொங்குகின்றன, மனைவி அதில் வெங்காயப் பிடி கட்டியிருக்கிறாள்.